ஏற்காட்டில் ஊசி வழுக்கிய பிற்பகல்

பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு ஊசி வழுக்கியது.

நேரத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்போது நான் மகளின் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். எடுத்த நேரம் அதிலேயே பதிவாகியிருக்கிறது. அந்த வீடியோவை இன்றுவரை ஒருமுறைகூடப் போட்டுப் பார்க்கவில்லை. அழிக்கவும் மனம் வரவில்லை.

ஏற்காட்டில் பழைய கார்களுக்கான திருவிழா. ஏரிக்கு மேலே, ஒரு பெரிய பங்களாவின் சரிவான புல்தரை. சேலத்திலிருந்தும் கோவையிலிருந்தும் மலையேறி வந்த கார்கள் மூக்கை மேட்டுப் பக்கம் வைத்து வரிசையாக நின்றன. கார்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு மேசை, மேசைமேல் ஒரு கிராமபோன். அந்தப் பெட்டிகள் என் மனைவி கலாவின் தம்பி செந்திலுடையவை. அன்று அவனோடு சேர்ந்து அவற்றுக்குச் சாவி கொடுத்துப் பாட்டுப் போட்டவள் என் மகள் நிவேதா. பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு பழைய நாடகப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாடகர் குரலை இழுத்துக்கொண்டு மேலே போகிற இடத்தில் சர்ரென்று ஒரு சத்தம். ஊசி இசைத்தட்டின் குறுக்கே சறுக்கிப் போய், நடுவில் ஒட்டியிருக்கும் காகிதத்தில் முட்டிக்கொண்டு நின்றது.

"மேசை சாஞ்சிருக்குது மாமா" என்றாள் நிவேதா.

டம்ளர் தண்ணீர்

கிராமபோனுக்கு மட்டம் முக்கியம். பெட்டி ஒரு பக்கம் சாய்ந்தால் ஊசியைப் பிடித்திருக்கும் கையும் அந்தப் பக்கமே போகும். தட்டில் கீறல் விழுந்தால் அது விழுந்ததுதான்.

செந்திலிடம் இதற்கு ஒரு வழி இருந்தது. ஒரு எவர்சில்வர் டம்ளரில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றி மேசைமேல் வைப்பான். எந்தப் பக்கம் வழிகிறதோ அந்தப் பக்கம் முட்டுக்கொடுப்பான். சேலத்தில் எலெக்ட்ரிகல் கடை வைத்திருக்கிற ஆள், கடையில் மட்டம் பார்க்க நல்ல ரசமட்டம் இரண்டு இருக்கிறது. இருந்தாலும் டம்ளர்தான்.

அன்று தண்ணீர் கீழ்ப்பக்கம் வழிந்தது. அட்டையை மடித்து மேசைக் காலுக்குக் கொடுத்துப் பார்த்தான். புல் ஈரமாக இருந்ததால் அட்டை ஊறி அமுங்கிவிட்டது.

"தட்டையா ஏதாச்சும் ஒரு கல்லு பாரு கண்ணு."

நிவேதா சுற்றிலும் பார்த்தாள். பின்னால் போனாள். குனிந்தாள். இரண்டு கையாலும் ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு வந்தாள். செங்கல் அளவு இருக்கும். அடி தட்டை, மேல்புறம் சரிவு. மேசைக் காலுக்கு அடியில் தள்ளியதும் டம்ளரிலிருந்து ஒரு சொட்டுகூட வழியவில்லை.

"நமக்குன்னே யாரோ செதுக்கி வச்ச மாதிரி இருக்குது" என்றான் செந்தில். மூவரும் சிரித்தோம். அதையும் நான் வீடியோ எடுத்தேன்.

அந்தக் கல் எங்கே கிடந்தது என்று அவனும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. எங்களுக்குக் கல் என்றால் கல். மலையில் இருப்பவர்களுக்கு, நிற்கிற வண்டியின் சக்கரத்துக்கு அடியில் இருக்கும் கல் வண்டியின் ஒரு பாகம். வெள்ளக்கடை, வாழவந்தி போன்ற மலைக் கிராமங்களில் ஒரு சின்னக் குழந்தைகூட அதைத் தொடாது. ஆனால் அந்தப் புல்தரையில் மட்டத்தைப் பற்றி எங்கள் அளவுக்குக் கவலைப்பட்டவர்கள் வேறு யாரும் இல்லை. அத்தனை பேர் நடந்துபோன இடத்தில் எங்கள் கண்ணில் மட்டும் அந்தக் கல் பட்டதற்கு வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் மேசைக்குப் பின்னால் நின்ற பச்சைக் காரின் பின்சக்கரத்துக்கு அடியிலிருந்து அவள் அதை எடுத்திருந்தாள்.

கல்லை எடுத்ததும் கார் நகர்ந்துவிடவில்லை. அப்போதே நகர்ந்திருந்தால் இரண்டு பேர் கை வைத்துப் பிடித்திருக்கலாம். சக்கரம் புல்லில் கொஞ்சம் அமுங்கி இருந்தது. கார் பேசாமல் நின்றது.

எறும்புகள் குடியிருந்த குழாய்

செந்திலுக்கு இந்தக் கிராமபோன் பைத்தியம் பிடித்ததும் ஏற்காட்டில்தான். கல்யாணமான புதிதில் நானும் கலாவும் அவனை இங்கே அழைத்து வந்திருந்தோம். எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்துகொண்டு போன குடும்பம் வாசலில் சாமான்களைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தது. கலா ஒரு மரக்கட்டில் வாங்கலாமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். செந்தில் ஒரு கிராமபோனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றான். அதன் குழாய்க்குள் எறும்புகள் குடியிருந்தன. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அடிவாரம் வருவதற்குள் எறும்புகள் முன் சீட்டுக்காரர் சட்டைக்குள் போய்விட்டன.

"இது பாடுமாடா?" என்று கலா கேட்டாள்.

"பாடாட்டி என்னக்கா, பேசாமயாச்சும் இருக்கும்ல. ஊட்ல யாரு அப்படி இருக்கறாங்க?"

அது பாடியது. அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக வந்து, அவன் வீட்டில் சோபா போடக்கூட இடமில்லாமல் போனது. எனக்கு இதிலெல்லாம் ஈடுபாடு கிடையாது. கல்லூரியில் கணக்கு சொல்லிக்கொடுப்பவன் நான். நிவேதாவுக்குத்தான் மாமாவின் வீடு பிடித்துப்போனது. ஒரு பக்கம் பாடி முடிந்தால் ஊசியை மாற்ற வேண்டும், பழைய ஊசியைத் திரும்பப் போடக் கூடாது, சாவியைக் கடைசிவரை முறுக்கினால் உள்ளே இருக்கும் சுருள்வில் அறுந்துபோகும் என்பதெல்லாம் பத்து வயதுக்குள்ளேயே அவளுக்குத் தெரியும்.

திருவிழாவில் கூட்டம் கார்களைவிட எங்கள் மேசைகளைச் சுற்றித்தான் அதிகம். "இதுல புளூடூத் எங்க இருக்குதுக்கா?" என்று ஒரு பொடியன் கேட்டான். "இதுல கைவலி மட்டும்தான் இருக்குது" என்றாள் நிவேதா. சேலத்திலிருந்து வந்திருந்த ஒரு அம்மாள், அவள் ஊசி மாற்றுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, பாட்டுக்குப் பாட்டு புது ஊசிங்களா? எங்க தெரு டாக்டர் தோத்தாரு போங்க" என்றார்.

நான் கவலைப்படுகிற ஆள். நான் எழுதிவரும் இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்கு அது இந்நேரம் தெரிந்திருக்கும். அன்று என் பையில் எலுமிச்சம்பழம், பிளாஸ்திரி, டார்ச், அட்டைப்பூச்சி கடித்தால் போட உப்பு எல்லாம் இருந்தன. ஊசி குத்திவிடும் என்று பயந்தேன். குரங்கு பிடுங்கும் என்று பயந்தேன். ஸ்வெட்டரைப் போடு போடு என்று நச்சரித்துப் போட வைத்தேன். பச்சைக் காரைப் பார்த்து மட்டும் எனக்கு ஒரு பயமும் வரவில்லை. அது அழகாக இருந்தது.

மேகம் இறங்கியது

ஊசி வழுக்கிக் கொஞ்ச நேரத்தில் மேகம் இறங்கியது. ஏற்காட்டில் அது பழக்கமான விஷயம்தான். முதலில் ஏரி மறைந்தது, பிறகு பங்களாவின் ஓடு. சில்லென்று தூறல்.

தட்டுகள் நனையக் கூடாது என்று செந்தில் துண்டைத் தேடினான். பச்சைக் காரின் சொந்தக்காரர் பக்கத்தில்தான் நின்றிருந்தார். கோவைக்காரர், தொப்பி வைத்த பெரியவர். "பின் சீட்டுல வச்சுக்குங்க தம்பி. சும்மாதான கெடக்குது" என்றார். நல்ல மனசோடு சொன்னார். தட்டுகள் இருந்த பெட்டியைப் பின் சீட்டுக்கு மாற்றினோம்.

அதன்பிறகு ஒவ்வொரு பாட்டுக்கும் நிவேதா காரின் கதவைத் திறந்து, குனிந்து ஒரு தட்டை எடுத்துக்கொண்டு வருவாள். தூறல் வலுத்ததும் ஒருமுறை உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டாள். தட்டின் உறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் படிப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

வெளியே மேசையில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நான் கிராமபோன் குழாயை வீடியோ எடுத்தேன். பின்னணியில் காரும், காருக்குள் அவள் தலையும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று கொஞ்சம் தள்ளி நின்றேன்.

திரையில் கார் சின்னதாகிக்கொண்டே போனது.

போனில் எதையோ தவறாக அழுத்திவிட்டேன், அதனால் படம் சுருங்குகிறது என்று நினைத்தேன். விரலை வைத்துச் சரிசெய்யப் பார்த்தேன். கிராமபோன் மட்டும் அதே அளவில் இருப்பது எப்படி என்று யோசித்தேன். யோசித்து முடித்து நிமிர்ந்தபோது, காரின் இரண்டு வட்ட விளக்குகளும் என்னைப் பார்த்தபடியே பின்வாங்கி மேகத்துக்குள் போயின.

சத்தமே இல்லை. எஞ்சின் ஓடவில்லை. பாட்டுச் சத்தத்தில் சக்கரம் புல்லில் உருண்டது யாருக்கும் கேட்கவில்லை. புல்தரையின் கீழ் எல்லையில் தடுப்பாகக் கட்டியிருந்த கயிறு அறுந்த சத்தம்தான் முதலில் கேட்டது.

"கல்லு வச்சிருந்தேனுங்களே" என்றார் பெரியவர். புல்லில் கல் இருந்த இடத்தைக் காட்டினார். "வரிசையில நிறுத்தறதுக்குத் தள்ளிக்கிட்டே இருந்தாங்கன்னு கியர்ல போடாம உட்டுட்டேன். ஹேண்ட் பிரேக் பேருக்குத்தான். கல்லு இங்கதான் வச்சிருந்தேன்."

செந்தில் மேசைக் காலைப் பார்த்தான். நானும் பார்த்தேன். பாட்டு இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. டம்ளரில் தண்ணீர் அசையாமல் இருந்தது.

காப்பிச் செடிகளுக்குள்

புல்தரை முடிகிற இடத்தில் எஸ்டேட்டின் மண் ரோடு தொடங்குகிறது. அது இறங்கி இறங்கி, கடைசியில் வெள்ளக்கடை போகும் தார் ரோட்டில் சேர்கிறது. கார் அந்த மண் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், ஒரு வளைவில் திரும்பாமல் நேராகக் காப்பிச் செடிகளுக்குள் இறங்கியிருந்தது. செடிகள் மடங்கிக் கிடந்த வழியாகவே ஓடினோம். நான் இரண்டு முறை விழுந்தேன்.

கார் ஒரு சில்வர் ஓக் மரத்தில் பின்பக்கத்தை முட்டிக்கொண்டு நின்றது. பின்கண்ணாடி இல்லை. ஒரு கதவு திறந்து தொங்கியது. இருக்கை முழுவதும் தட்டுகளின் கறுப்புச் சில்லுகள்.

நிவேதா இல்லை.

இருக்கையைக் கையால் தடவிப் பார்த்தேன். இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தபிறகும் தடவினேன். காருக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். மரத்துக்குப் பின்னால் பார்த்தேன். பிறகு கத்தத் தொடங்கினேன்.

காப்பித் தோட்டத்தில் ஆளைத் தேடுவது எப்படி என்று எனக்குத் தெரியாது. செடி மார்பளவு இருக்கிறது. ஒரு செடிக்கு அந்தப் பக்கம் யாராவது விழுந்து கிடந்தாலும் தெரியாது. பழம் சிவந்திருந்த காலம், அதனால் அங்கே ஆட்கள் வேலையில் இருந்தார்கள். கணக்கு எழுதுகிற ரைட்டரும் நாலைந்து பெண்களும் சத்தம் கேட்டு வந்தார்கள். விஷயத்தைச் சொன்னதும், பழம் பறிக்கக் கட்டியிருந்த கூடையை அவிழ்த்து வைத்துவிட்டு ஆளுக்கொரு வரிசையாகச் செடிகளுக்குள் நுழைந்தார்கள்.

அதில் ஒரு பெண் என்னிடம் வந்து, "சத்தம் போடாதீங்க சாமி" என்றார். என்னைவிட வயதில் சின்னவர்தான். "புள்ள மொனகுச்சுன்னா கேக்கோணும்."

அதற்குப் பிறகு நான் கத்தவில்லை. யாரும் கத்தவில்லை. இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தமும் செடிகளை விலக்குகிற சத்தமும்தான். மேலே பாட்டு எப்போது நின்றது என்று தெரியாது. எந்த முனகலும் கேட்கவில்லை.

செந்தில் என் பின்னாலேயே வந்தான். "மச்சான்" என்றான். நான் திரும்பவில்லை. "மச்சான், நான்தான் கல்லு கேட்டேன்" என்றான்.

"நீ எங்கூட வராத" என்றேன்.

அவன் வேறு வரிசைக்குப் போனான். அவன் அழுதுகொண்டே செடிகளை விலக்குவது எனக்குக் கேட்டது.

போன் அடித்தது

கையிலிருந்த போன் அடித்தது. அது நிவேதாவின் போன். திரையில் 'அம்மா' என்று வந்தது.

அந்தச் சரிவில் அதுவரை சிக்னல் இருந்ததாக நினைவில்லை. எடுக்காமல் விட்டால் கலா திரும்பத் திரும்பக் கூப்பிடுவாள். அந்த மணி ஓசையில் மற்றது எதுவும் கேட்காது. எடுத்தேன்.

"ஏன் நீங்க எடுக்கறீங்க? அவ எங்க?"

"பாட்டு போட்டுட்டு இருக்கா."

"பாட்டே கேக்கலியே."

"தட்டு மாத்தறா."

"ஸ்வெட்டர் போட்டிருக்காளா?"

"போட்டிருக்கா."

"உங்களுக்கு ஏன் மூச்சு வாங்குது?"

"மேடு. ஏறிட்டு இருக்கறேன்."

"மாத்திரை எடுத்துட்டுப் போனீங்களா? சரி, அவகிட்டக் குடுங்க, ஒரு நிமிஷம்."

"அப்புறம் கூப்பிடச் சொல்றேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் கலாவிடம் நான் சொன்ன பொய்கள் எல்லாம் சில்லறைப் பொய்கள். இதைச் சொல்லும்போது எனக்குக் குரல்கூட நடுங்கவில்லை. எங்கிருந்து அந்தக் குரல் வந்தது என்று இப்போதும் தெரியவில்லை. அவள் கேட்ட ஸ்வெட்டரின் நிறம் என்ன என்று வைத்தபிறகு யோசித்தேன். நினைவுக்கு வரவில்லை. காலையில் நானே போடச் சொல்லிப் போட வைத்த ஸ்வெட்டர்.

"என்ன கலருங்க துணி?" என்று அந்த நேரம் பார்த்து ரைட்டர் கேட்டார். தேடுகிறவர்களுக்குச் சொல்வதற்காகக் கேட்டார். நான் தெரியாது என்றேன். அவர் என் தோளில் கையை வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

செடிகள் முடிகிற இடத்தில் ஒரு பள்ளம் இருந்தது. கற்களும் முள்ளும் நிறைந்தது. ரைட்டர் அதன் ஓரத்தில் நின்று கீழே பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "நீங்க இங்கயே இருங்க சார், நான் எறங்கிப் பாத்துட்டு வர்றேன்" என்றார். அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்று எனக்குப் புரிந்தது. ஒரு கல்லின் மேல் உட்கார்ந்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கத் தொடங்கினார்.

கீழிருந்து வந்தவர்

அந்தப் பள்ளத்தின் அடுத்த ஓரமாக ஒற்றையடிப் பாதை ஒன்று தார் ரோட்டிலிருந்து மேலே வருகிறது. அதில் ஒருவர் மூச்சு வாங்க ஏறி வந்தார். நாற்பது வயது இருக்கும். சட்டை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கையில் ஹெல்மெட். முகத்தில் நல்ல கோபம்.

"ஏனுங்க, இங்க பொறுப்பான ஆளு யாருங்க?" என்று பொதுவாகக் கேட்டார்.

பாதி இறங்கியிருந்த ரைட்டர், "என்னங்க, சொல்லுங்க" என்றார்.

"கீழ ரோட்டுல ஒரு புள்ள நின்னுக்கிட்டு வண்டி ஒண்ணையும் உடமாட்டேங்குதுங்க. மேலயும் உடமாட்டேங்குது, கீழயும் உடமாட்டேங்குது. கையில பாதி ஒடஞ்ச கறுப்புத் தட்டு ஒண்ணு வச்சுக்கிட்டு அத ஆட்டி ஆட்டி நிறுத்துது. பஸ்ஸே நின்னுபோச்சுங்க. என்ன கண்ணுன்னா, மேலருந்து கார் ஒண்ணு உருண்டு வருதாமா. நடுவுல கதவத் தொறந்து இது குதிச்சிருச்சாமா, கார் நிக்காம போயிருச்சாமா. அது ரோட்டுக்கு வர்றதுக்குள்ள சொல்லிப்புடணும்னு குறுக்கால ஓடியாந்துச்சாமா. கையெல்லாம் ரத்தம், மூஞ்சியெல்லாம் சிராய்ப்பு. உக்காரு கண்ணுன்னு பொம்பளைங்க சொன்னா உக்கார மாட்டேங்குது. கார்ல டிரைவர் இருக்காரான்னா, இல்லீங்குது. ஆளில்லாம கார் எப்படிக் கண்ணு வரும்னா, வருமுங்குது. எப்ப வரும்னா, தெரியாதுங்குது."

நான் எழுந்து நின்றேன். பக்கத்து வரிசையிலிருந்து செந்தில் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டான். நான் விடவில்லை.

அவர் எங்களுக்குப் பின்னால் மரத்தில் முட்டி நின்ற பச்சைக் காரை அப்போதுதான் பார்த்தார். கோபம் இறங்கிவிட்டது.

"இதுதானுங்களா அது?" என்றார். "அப்ப உங்கள்ல யாராச்சும் வந்து, கார் நின்னுருச்சுன்னு அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. நாங்க சொன்னா நம்ப மாட்டேங்குதுங்க."